உம் கொட்டாதவர்

“ஹலோ.” வரவேற்பு அவ்வளவுதான். அடுத்த சொல்லிலேயே ஆள் பதினேழாம் நூற்றாண்டுக்குள்ளோ ஒரு நட்சத்திரத்தின் வயிற்றுக்குள்ளோ போய்விடுவார். “நம்ம அழைப்பை ஏத்துக்கிட்டு வந்ததுக்கு ரொம்ப நன்றி சார்” கிடையாது. விருந்தினர் வாங்கிய விருதுகளின் வாசிப்பு கிடையாது. பிபிசி ரேடியோ 4-ன் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியை மெல்வின் பிராக் 26 வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் தொடங்கிவந்தார். 2025 செப்டம்பரில், 85 வயதில், போதும் என்று விலகிக்கொண்டார். (இங்கிலாந்துக்கு வெளியே கேட்டால் “ஹலோ”வுக்கு முன்னால் பிபிசி ஒரு விளம்பரத்தைச் சொருகிவிடுகிறது. அந்தப் பாவம் பிராக்குடையது இல்லை.)

அவர் விலகிய செய்தியைப் படித்த நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். “நீங்க பாட்காஸ்ட் நிறைய கேப்பீங்களே, நல்லதா நாலு சொல்லுங்க” என்று யாராவது கேட்டால் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பித் தப்பித்துவிடுவது என் வழக்கம். பட்டியல் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வரலாறு, புத்தகம், தத்துவம், சினிமா என்று பேசுகிற நிகழ்ச்சிகளை இத்தனை வருஷம் இஸ்திரி போட்டுக்கொண்டும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் கேட்டதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று. அந்த அறையில் முக்கியமான ஆள் அறிஞர் இல்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்தான்.

கதை சொன்னால் உம் கொட்ட ஒரு ஆள் வேண்டும் என்பது நம் ஊர்ப் பழக்கம். உம் நின்றால் பாட்டியும் நிறுத்திவிடுவாள். கதைக்கு அது சரி. ஒரு பேராசிரியர் முப்பது வருஷம் படித்ததை முக்கால் மணி நேரத்தில் சொல்ல வரும்போது, எதிரே இருப்பவர் உம் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தால் நமக்குப் புரியாத இடமெல்லாம் புரியாமலே கடந்து போய்விடும். “ஒரு நிமிஷம், அது எப்படித் தெரியும்?” என்று ஒருவர் நடுவில் கேட்டாக வேண்டும். பிராக் கேட்பார். சில சமயம் நாகரிகமே பார்க்காமல் கேட்பார்.

அந்த நிகழ்ச்சி பிறந்த கதையே ஒரு தண்டனைக் கதைதான். பிராக் பத்து வருஷமாகத் திங்கட்கிழமைக் காலையில் ‘ஸ்டார்ட் தி வீக்’ என்ற நிகழ்ச்சியை நடத்திவந்தார். 1998-ல் அவர் லேபர் கட்சி சார்பில் பிரபுக்கள் சபைக்குப் போனார். கட்சிக்காரர் ஒருவர் நாட்டு நடப்பு பேசும் நிகழ்ச்சியை நடத்தக் கூடாது என்று பிபிசி அவரை அங்கிருந்து எடுத்துவிட்டது. பதிலுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை காலை 9 மணி. யார் போனாலும் உருப்படாத நேரம் என்று அலுவலகத்திலேயே பேர் வாங்கிய இடம். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு. ஆறு மாதம்தானே, நமக்குப் பிடித்ததைப் பேசிவிட்டுப் போவோம் என்று ஆரம்பித்தார். முதல் ஒலிபரப்பு 1998 அக்டோபர் 15. ஆயிரமாவது 2023 செப்டம்பரில் வந்தது; அதற்கு எடுத்துக்கொண்ட விஷயம் இங்மர் பெர்க்மனின் ‘தி செவன்த் சீல்’. 2004-ல் பிபிசி தன் நிகழ்ச்சிகளை எம்பி3 கோப்பாக இணையத்தில் போட்டுப் பார்த்தபோது முதலில் போனவற்றில் இதுவும் ஒன்று. அதனால்தான் வியாழன் காலையில் லண்டனில் பேசியதைத் தாம்பரத்தில் நான் கேட்க முடிந்தது.

அவர் சில விதிகள் வைத்திருந்தார். பேச வருகிறவர்கள் பல்கலைக்கழகத்தில் இன்னும் பாடம் நடத்துகிறவர்களாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. எழுத்தாளர், பிரபலம், முன்னாள் அமைச்சர் எல்லாரும் வரிசையில் நிற்கும் நாட்டில் இது துணிச்சலான விதி. வாரம் முழுக்க பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் கொட்டாவியைப் பார்க்கிறவருக்குத்தான் எந்த இடத்தில் புரியாமல் போகும் என்று தெரியும். இன்னொரு விதி, அன்றைய செய்திக்கும் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கும் தெரிந்தே முடிச்சுப் போடக் கூடாது. போர் நடக்கிறது, ஆகவே போர் பற்றிப் பேசுவோம் என்பது கிடையாது. ஒரு வாரம் ஒளிச்சேர்க்கை, அடுத்த வாரம் ஒரு கிரேக்க நாடகம், அதற்கடுத்த வாரம் பிளேக் நோய். இதனாலேயே இருபது வருஷப் பழைய பகுதி இன்றைக்கும் ஊசிப்போகாமல் இருக்கிறது. நேற்றைய அரசியல் பாட்காஸ்டை இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள், பழைய சோறு கூட அதைவிட மேல்.

பிராக் வடக்கு இங்கிலாந்தில் விக்டன் என்ற சின்ன ஊர்க்காரர். அப்பா மதுக்கடை நடத்தினார். பையன் வளர்ந்தது அதற்கு மேல்மாடியில். அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்ட் போனார், நாவல்கள் எழுதினார், தொலைக்காட்சியில் கலைகள் பற்றிய ‘தி சவுத் பேங்க் ஷோ’வைப் பல பத்தாண்டு நடத்தினார். ஆனாலும் பேச்சில் மதுக்கடைக்காரர் பிள்ளை அப்பப்போ தலைகாட்டுவார். இரண்டு பேராசிரியர்கள் தங்களுக்குள் ஒரு கலைச்சொல்லைத் தூக்கிப்போட்டு விளையாட ஆரம்பித்தால் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிடுவார். அது எந்த வருஷம்? அந்த ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள்? யார் காசு கொடுத்தது? அதை யார் எழுதிவைத்தது? வெளியே இருந்து பார்த்தால் அரைகுறையாகப் படித்தவன் கேட்கிற கேள்வி. ஆனால் அவர் விருந்தினர்கள் அனுப்பும் குறிப்புகளையும் புத்தகங்களையும் மூச்சு முட்டப் படித்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருப்பார். தெரிந்துகொண்டு தெரியாதவர்களுக்காகக் கேட்பது ஒரு தனி வித்தை. அறிவியல் விஷயங்களில் அவர் இன்னும் நன்றாக இருப்பார், ஏனென்றால் அங்கே நடிக்க வேண்டிய அவசியமே இல்லை, உண்மையாகவே புரியாது. ஒரு இயற்பியல் பேராசிரியரை மூன்றாவது முறையாக “மறுபடியும் சொல்லுங்கள்” என்று நிறுத்தும்போது நம் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று தோன்றும்.

குறையும் உண்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் என்பதால் அருமையாக ஏதோ சொல்லவந்த பெண் பேராசிரியரைப் பாதி வாக்கியத்தில் வெட்டிவிட்டு அடுத்தவரிடம் போன இடங்கள் எனக்கே ஆத்திரம் மூட்டியிருக்கின்றன. இதற்கு ஒரு பரிகாரம் பாட்காஸ்டில் வைத்தார்கள். ஒலிபரப்பு முடிந்ததும் ஒலிவாங்கியை அணைக்காமல், சொல்ல நினைத்து விட்டுப்போனது என்ன என்று கேட்பார். அந்த ஐந்தாறு நிமிஷத்தில் குரல்கள் மாறிவிடும். அதுவரை விறைப்பாகப் பேசியவர்கள் சிரிப்பார்கள், ஒருவரை ஒருவர் மறுப்பார்கள். கடைசியில் தயாரிப்பாளர் சைமன் டில்லட்ஸன் உள்ளே வந்து டீயா காப்பியா என்று கேட்பார். நாற்பது நிமிஷம் பிளேட்டோவைப் பிழிந்தவர்கள் டீ என்று சொல்வதைக் கேட்பதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது.

2005-ல் உலகின் மிகச்சிறந்த தத்துவ அறிஞர் யார் என்று நேயர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். வியாழன் காலையில் வீட்டில் உட்கார்ந்து ரேடியோ 4 கேட்கும் நடுத்தர வர்க்க இங்கிலாந்து யாரைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? கார்ல் மார்க்ஸ். ஏறக்குறைய 28 சதவீத ஓட்டு. டேவிட் ஹியூம் இரண்டாமிடம், அதுவும் பாதி தூரம் பின்னால். மார்க்ஸைப் புதைத்த ஊரிலேயே அவர் ஜெயித்ததில் எங்கள் தெருத் தோழர் ஒருவருக்கு இன்றும் பெருமை.

“எப்படித் தெரியும்” என்ற அந்த ஒரு கேள்வி என்னை என்ன பாடுபடுத்தியது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2015-ல் அசோகரைப் பற்றி ஒரு பகுதி வந்தது. அசோகர் என்றால் நமக்கு என்ன தெரியும்? சாலை ஓரம் மரம் நட்டார். ஐந்தாம் வகுப்பிலிருந்து மீம் வரை அவருக்கு அந்த ஒரு வேலைதான். அவர் மரம் நட்டது எப்படித் தெரியும் என்று நான் படித்த எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை, வாத்தியாரும் சொன்னதில்லை. நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு நானாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மரம் நட்ட செய்தி ஒரு தூணில் இருக்கிறது. ஏழாம் தூண் கல்வெட்டு என்பார்கள். ஆலமரங்கள் நட்டேன், மாந்தோப்புகள் வைத்தேன், கிணறுகள் வெட்டினேன் என்று அவரே வரிசையாகச் சொல்கிறார். அந்தத் தூண் முதலில் தோப்ரா என்ற ஊரில் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் அதைப் பெயர்த்து டெல்லிக்குக் கொண்டுவந்து தன் கோட்டையில் நிறுத்தினார். இன்றும் ஃபிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கிறது. அனில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் எடுத்த மைதானம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில். தூணைக் கொண்டுவந்த சுல்தானுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. தூணில் இருந்த பிராமி எழுத்தை 1837-ல்தான் ஜேம்ஸ் பிரின்செப் வாசித்தார். அவருக்கு உத்தியோகம் கல்கத்தா நாணயச் சாலையில்.

வாசித்தாலும் தீரவில்லை. கல்வெட்டுகளில் ‘தேவானாம்பிய பியதசி’ என்று ஒரு ராஜா பேசுகிறார். அவர் யார்? இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர், அங்குள்ள பாலி நூல்களைப் பார்த்து இது அசோகர்தான் என்று முடிச்சை அவிழ்த்தார். கல்லிலேயே அசோகர் என்ற பெயரோடு கிடைத்தது 1915-ல், கர்நாடகத்தின் மஸ்கியில். அதற்கு முன்னால் பார்த்தவர்கள் எல்லாம் நூல்களை நம்பி ஊகித்தவர்கள், சரியாக ஊகித்தவர்கள்.

இன்னொன்றும் படித்தேன். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் செத்தார்கள், ஒன்றரை லட்சம் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அதற்காக வருந்துகிறேன் என்று அசோகர் சொல்வது பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில். அந்தக் கல்வெட்டு பல ஊர்களில் வெட்டப்பட்டிருக்கிறது. கலிங்கத்தில், அதாவது இன்றைய ஒடிசாவின் தௌலியிலும் ஜௌகடாவிலும், அது கிடையாது. அதற்குப் பதிலாக வேறு இரண்டு ஆணைகள் இருக்கின்றன. அடி வாங்கினவர்கள் வீட்டு வாசலில் மட்டும் வருத்தம் தெரிவிக்காத ராஜா. ஏன் என்று யோசித்துக்கொண்டே அன்றைக்கு ஒரு சட்டையின் காலரைக் கருக்கிவிட்டேன்.

அதற்கப்புறம் நம் பக்கம் வந்தது கதை. இரண்டாம் பாறைக் கல்வெட்டில் தன் எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் என்று சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று அசோகர் பெயர் சொல்கிறார். சோழரும் பாண்டியரும் சேரரும் தெரியும். சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் ஆளுக்கொரு ஊரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 1981-ல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை மலையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. ஒரு குகைத் தங்குமிடத்தைக் கொடுத்தவர் பெயர் அதில் இருக்கிறது: அதியன் நெடுமான் அஞ்சி. பெயருக்கு முன்னால் ‘சதியபுதோ’ என்ற பட்டம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் குலம்தான் அசோகர் சொன்ன சத்தியபுத்திரர். கல்வெட்டு அசோகருக்குச் சில நூற்றாண்டு பிந்தியது, பட்டம் மட்டும் குலத்தோடு தொடர்ந்து வந்திருக்கிறது. லண்டனில் நான்கு பேர் பேசியதில் ஆரம்பித்துக் கடைசியில் நான் ஜம்பைக்குப் பஸ் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

நல்ல பாட்காஸ்ட் என்பதற்கு என் அளவுகோல் இதுதான். முடிந்ததும் ஏதாவது ஒன்றைத் தேட வைக்க வேண்டும். “அடேயப்பா, எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கார்” என்று மட்டும் தோன்றினால் அது பேசியவருக்குக் கிடைத்த வெற்றி. நமக்கு ஒன்றும் இல்லை.

சரி, எதிரே ஆளே இல்லாதவர்கள்? அந்த ஜாதியில் ராஜா டான் கார்லின். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்து ஆள், பழைய வானொலிக்காரர், 2006-லிருந்து ‘ஹார்ட்கோர் ஹிஸ்டரி’ செய்கிறார். முதல் உலகப் போர் பற்றிய அவருடைய ‘புளூபிரின்ட் ஃபார் ஆர்மகெடான்’ ஆறு பாகம், எல்லாம் சேர்த்தால் 20 மணி நேரத்துக்கு மேல். வெர்டன் சண்டையை அவர் சொல்லும்போது பஸ்ஸில் என் ஸ்டாப் கடந்துபோனதை நான் கவனிக்கவில்லை. தான் வரலாற்றாசிரியர் இல்லை என்று அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டுக் குரலை உயர்த்தி நம்மைப் பதுங்குகுழிக்குள் தள்ளிவிடுவார். அந்தக் குரலுக்கு நான் அடிமை. ஆனால் இரண்டாவது மணி நேரத்தில் ஒரு சந்தேகம் வரும்: இந்த எண்ணிக்கையை யார் எண்ணினார்கள்? கேட்க அங்கே ஆள் இல்லை. அவர் புத்தகங்களைப் பெயர் சொல்லித்தான் பேசுகிறார், அதில் நேர்மையானவர். இருந்தாலும் மேற்கோள் காட்டுவது வேறு, மடக்கப்படுவது வேறு.

மைக் டங்கன் இதற்கு நேர் எதிர். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது, சின்னச் சின்னப் பகுதிகள், 2007-ல் ‘தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்’ என்று ஆரம்பித்து 2012-ல் 179-வது பகுதியில் மேற்கு ரோமானியப் பேரரசை முடித்துவைத்தார். பிறகு ‘ரெவல்யூஷன்ஸ்’: இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் தொடங்கி ரஷ்யப் புரட்சி வரை ஒவ்வொரு புரட்சியாக. அதுவும் முடிந்து, 2024-ல் திரும்பி வந்தவர் செய்த காரியம் இருக்கிறதே, செவ்வாய்க் கிரகத்தில் இனிமேல் நடக்கப்போகிற ஒரு கற்பனைப் புரட்சியை அதே வறண்ட குரலில், நடந்து முடிந்த வரலாறு மாதிரி, தேதியும் தலைவர்களுமாகச் சொல்ல ஆரம்பித்தார். கேட்கக் கேட்க ஒரு மாதிரி ஆகிவிடும். இத்தனை வருஷம் இந்தக் குரலில் வந்ததை எல்லாம் நாம் நம்பினோமே, இப்போது பொய்யும் அதே குரலில்தானே வருகிறது!

இப்போது எல்லார் வாயிலும் இருப்பது ‘தி ரெஸ்ட் இஸ் ஹிஸ்டரி’. 2020-ல் தொடங்கியது. டாம் ஹாலண்ட், டொமினிக் சாண்ட்புரூக் என்று இரண்டு வரலாற்று எழுத்தாளர்கள். ஹாலண்ட் ரோம், பாரசீகம் என்று பழங்காலத்து ஆள், ஹெரடோட்டஸை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், எழுத்தாளர்களின் கிரிக்கெட் அணியில் ஆடுகிறவர். சாண்ட்புரூக்குக்கு இருபதாம் நூற்றாண்டு பிரிட்டன். தயாரிப்பது முன்னாள் கால்பந்து வீரர் கேரி லினெக்கர் சேர்ந்து நடத்தும் கோல்ஹேங்கர் கம்பெனி. ராயல் ஆல்பர்ட் ஹாலில் இசைக்குழுவை வைத்துக்கொண்டு மோசார்ட்டையும் பீத்தோவனையும் பற்றிப் பேசுகிற அளவுக்குக் கூட்டம்.

இங்கே குறுக்கீடு நக்கலாக வருகிறது. ஒருவர் உணர்ச்சிவசப்பட்டால் இன்னொருவர் காலை வாருவார். ஹாலண்ட் எதையும் கிறிஸ்தவத்தில் கொண்டுபோய் முடிப்பார், சாண்ட்புரூக் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார். நன்றாகவே இருக்கிறது, நானே வாரம் தவறாமல் கேட்கிறேன். ஆனால் நண்பர்கள் இருவருக்கும் ஒரே விஷயம் தெரியாமல் போனால், அல்லது இருவரும் ஒரே மாதிரி நினைத்தால், பிரேக் இல்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் பற்றிப் பேசும்போது எனக்கு அடிக்கடி பல்லைக் கடிக்கத் தோன்றும். அதே கம்பெனியின் ‘எம்பயர்’ அந்த விதத்தில் பரவாயில்லை. வில்லியம் டால்ரிம்பிள் கதை சொல்லிக்கொண்டே போவார்; அனிதா ஆனந்த் வானொலியில் பழகியவர் என்பதால் எங்கே பிடித்து நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். 2022-ல் அவர்கள் ஆரம்பித்ததே கிழக்கிந்தியக் கம்பெனியில்தான்.

புத்தகம் பற்றி என்றால் ‘பேக்லிஸ்டட்’ ஒன்று போதும். மறந்துபோன பழைய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவார்கள். 2015-ல் முதல் பகுதிக்கு எடுத்தது ஜே.எல். காரின் ‘எ மன்த் இன் தி கன்ட்ரி’. அதைக் கேட்டுத்தான் அந்த நாவலை வாங்கினேன், ஒரே ராத்திரியில் முடித்தேன். நம் நாட்டில் மும்பையிலிருந்து அமித் வர்மா ‘தி சீன் அண்ட் தி அன்சீன்’ நடத்துகிறார். 2017-ல் இருபது நிமிஷ நிகழ்ச்சியாக ஆரம்பித்தது, இப்போது ஒரு பகுதி எட்டு மணி நேரம் கூடப் போகிறது. குழந்தைப் பருவத்திலிருந்து கேட்க ஆரம்பிப்பார். அவர் குறுக்கே பேசுவது குறைவு. ஆனால் நேரம் அவருக்காக வேலை செய்கிறது: மூன்றாவது மணி நேரத்தில் எந்த அறிஞருக்கும் மேடைப் பேச்சு தீர்ந்துவிடும், அதற்கப்புறம் வருவதுதான் நிஜப் பேச்சு.

என் கட்சிக்கே எதிரான சாட்சி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹ்ரிஷிகேஷ் ஹிர்வே என்ற இந்திய வம்சாவளி அமெரிக்கர் 2014-ல் தொடங்கிய ‘சாங் எக்ஸ்ப்ளோடர்’. ஒரு பாடகரோ இசைக்குழுவோ வந்து ஒரே ஒரு பாட்டைப் பிரித்துக் காட்டுவார்கள். டிரம்ஸ் தனியாக, பேஸ் தனியாக, பின்னணிக் குரல் தனியாக ஒலிக்கும். ஏன் அதை அங்கே வைத்தோம் என்று அவர்களே சொல்வார்கள். கடைசியில் முழுப் பாட்டு. ஹிர்வேயின் குரல் முன்னும் பின்னும்தான் கேட்கும். நடுவில் அவர் கேட்ட கேள்விகளை எல்லாம் அவரே வெட்டி எடுத்துவிடுகிறார். கேட்டால் கலைஞர் தனியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், எந்தக் கலைஞன் தானாக “இரண்டாவது சரணத்தில் கிதாரை எடுத்துவிட்டேன், ஏனென்றால்…” என்று ஆரம்பிப்பான்? கேட்டால்தான் சொல்வான். கேட்டவர் கேட்ட தடம் தெரியாமல் துடைத்துவிட்டார், அவ்வளவுதான். ஆக, சாட்சி பல்டி அடித்து என் பக்கமே வந்துவிட்டது.

இங்கேதான் நம் ஊர் ஆதங்கம் வருகிறது. சினிமாப் பாட்டைப் பற்றித் தமிழில் யூடியூபில் மணிக்கணக்கில் பேட்டி இருக்கிறது. வயலின் வாசித்தவர், கோரஸ் பாடியவர், ஒலிப்பதிவு செய்தவர் எல்லாரையும் தேடிப் பிடித்து உட்கார வைக்கிறார்கள், அதற்கே கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் கேள்வி? “அந்தப் பாட்டு உருவான சம்பவம் சொல்லுங்க சார்.” சம்பவம், சம்பவம், சம்பவம். ஃபிளைட்டைப் பிடிக்க ஓடினது, தயாரிப்பாளர் கோபப்பட்டது, இரவு ஒரு மணிக்குக் கூப்பிட்டது. பல்லவி முடிந்து வருகிற அந்தப் புல்லாங்குழல் ஏன் நாலே நாலு ஸ்வரத்தில் நின்றுவிடுகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. போன மாதம் ஒரு மூத்த வாத்தியக் கலைஞரின் பேட்டியில் அவரே வலிய வந்து, “அந்த எடத்துல மைக்க எட்டத்துல வெச்சோம் தம்பி, அதுக்கு ஒரு காரணம் இருக்கு” என்று ஆரம்பித்தார். எதிரே இருந்த பையன் “சூப்பர் சார்! அடுத்து…” என்று தாளைப் புரட்டினான். காரணம் அப்படியே போய்ச் சேர்ந்தது. நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுக் கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, மேட்சா?” என்றார்.

வரலாற்றுப் பேட்டிகளிலும் இதே நிலைமைதான். பெரியவரை வைத்துக்கொண்டு குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். “ஐயா அளவுக்கு இந்த விஷயத்துல ஆள் கிடையாது” என்று ஆரம்பித்துவிட்டால் அப்புறம் ஐயாவை எப்படி மடக்குவது? ஐயா பூம்புகாரைப் பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாலும் “ஓகோ!” தான்.

குறுக்கே கேட்பது நம் மரபிலேயே இல்லாத குணம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் அத்தை ஊர் திசையன்விளைப் பக்கம். கோயில் கொடைக்குப் போனால் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு. தலைமைப் பாடகர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையைச் சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவர் “ஆமா” மட்டும் போடுவதில்லை. “எதுக்கு அண்ணே அவ அங்க போனா?” என்பார். “அதெப்படி, நேத்து செத்துப்போனான்னு சொன்னீரு?” என்பார். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தையின் சந்தேகத்தை மேடையிலிருந்து ஒருவர் கேட்கிறார். என்.எஸ்.கிருஷ்ணன் கையில் அது நகைச்சுவையாகி ஊர் ஊராகப் போயிற்று; அவர் சென்னைக்கு அழைத்துவந்த சுப்பு ஆறுமுகம் அதைக் காந்தி கதைக்குக் கூட வைத்துக்கொண்டார். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கி 2022-ல் காலமானார். பட்டிமன்றத்தில் நடுவரும் இதைத்தான் செய்கிறார், கொஞ்சம் கைதட்டலுக்காகவும் செய்கிறார் என்றாலும். குறுக்கே கேட்கிற கலை நம்மிடம் மேடையில் இருக்கிறது. ஒரு பேராசிரியருக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் காணாமல் போய்விடுகிறது.

பிபிசி தமிழோசை ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 1941-ல் ஆரம்பித்து 2017 ஏப்ரல் வரை, எங்கள் அப்பா சிற்றலையைத் திருகித் திருகி அதைக் கேட்பார். அரசியல்வாதிகளை அவர்கள் விடாமல் கேள்வி கேட்டதை இன்றும் சொல்வார். செய்திக்கு அப்படிக் கேட்க முடிந்தால் சிலப்பதிகாரத்துக்கும் கேட்க முடியும்.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காசும் பொழுதும் இருக்கிற யாராவது எடுத்துச் செய்யுங்கள். கல்லூரியில் பாடம் நடத்துகிற மூன்று பேர், படித்துவிட்டு வந்த ஒரு முரட்டு ஆள், நாற்பது நிமிஷம், பொன்னாடை கிடையாது. முதல் பகுதிக்கு ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-லிருந்து சாகிற வரை புதுச்சேரியில் நாள்வாரியாக எழுதிக்கொண்டிருந்த மனிதர். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். துபாஷ் வேலையில் எவ்வளவு சம்பாதித்தார், எதை எழுதாமல் விட்டார் என்று கேட்க வேண்டும். இரண்டாவது, உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட கதை. கண்ணீர் வரும் பகுதியை விட்டுவிட்டு, அச்சுக்கூலிக்கு யார் பணம் கொடுத்தார்கள், பாட வேறுபாடு வந்தால் எந்த ஏட்டை எதற்காக நம்பினார் என்பதை மட்டும். மூன்றாவது ஜம்பை.

பிராக்கை முதல் முறை கேட்கப் போகிறவர்களுக்கு: அசோகர் பகுதியில் ஆரம்பிக்கலாம், அல்லது 2004-ல் வந்த ‘ஜீரோ’, 2006-ல் வந்த இந்தியக் கணிதம். நம் சரக்கு என்பதால் பெயர்களில் தடுக்கி விழ மாட்டீர்கள். பழகியபிறகு ஒன்றுமே தெரியாத விஷயத்துக்குப் போங்கள், அங்கேதான் அவர் அருமை தெரியும். பேச்சு வேகம் அதிகம் என்று தோன்றினால் 0.8-ல் வைத்துக் கேட்கலாம். பிராக்கின் மூக்கடைத்த குரல் அதில் இன்னும் மோசமாகக் கேட்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.